உறியில் தொங்கிய பானை: கரையோரக் கப்பல்களில் சோறும் தண்ணீரும்

தமிழரின் கடல் வரலாறு பற்றி இதுபோன்ற மலர்களில் நாம் எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறோம். கரிகாலன் வருவான், இராஜேந்திரன் வருவான், 1025-ஆம் ஆண்டின் கடாரப் படையெடுப்பு வரும், மிளகும் முத்தும் வரும். அந்தக் கப்பலில் போனவன் என்ன சாப்பிட்டான் என்ற கேள்வி மட்டும் வருவதே இல்லை. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில், பெங்களூருவில் உட்கார்ந்துகொண்டு இதைக் கேட்பது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆனாலும் கேட்டுத்தான் பார்ப்போமே. படை நடத்தியவர்களுக்கு மெய்க்கீர்த்தி இருக்கிறது. அடுப்பு மூட்டியவர்களுக்கு என்ன இருக்கிறது?

ஒரு பானை ஓடு இருக்கிறது. எகிப்தின் செங்கடற் கரையில் குசேர் அல்-காதிம் என்ற இடத்தில் பழைய துறைமுகம் ஒன்றை அகழ்ந்தபோது கிடைத்த ஓடு அது. இந்தியாவில் செய்த சேமிப்புப் பானையின் உடைந்த துண்டு. அதில் தமிழ்-பிராமி எழுத்தில் இரண்டு இடங்களில் ஒரே சொற்கள் கீறப்பட்டுள்ளன. 2007-இல் அதைப் படித்த ஐராவதம் மகாதேவன் ‘பானை ஒறி’ என்று வாசித்தார். ஒறி என்பது நம் வீட்டு உறிதான். காலம் ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன்பு. அதே துறைமுகத்தில் கணன், சாதன் என்ற பெயர்கள் கொண்ட ஓடுகளும் முன்பே கிடைத்திருந்தன. நமக்கு ஆட்களின் பெயர் கிடைத்தால் பெருமை பொங்குகிறது. எனக்கென்னவோ அந்த உறிதான் பெரிதாகப் படுகிறது. கயிற்றில் தொங்கும் பானை கப்பல் எப்படிச் சாய்ந்தாலும் நேராகவே நிற்கும், எலிக்கும் எட்டாது. இந்தப் பானை கப்பலில் அப்படித்தான் தொங்கியது என்று சாதிக்க முடியாது. அது என் ஊகம்தான். ஆனால் செங்கடல் வரைக்கும் போய்ச் சேர்ந்த பானையில் உறியின் பெயர் எழுதியிருக்கிறதே!

அதற்குத் தெற்கே உள்ள பெரனிகே துறைமுகத்தில் இந்தியப் பானை ஒன்றில் 7.55 கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. அதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். அங்கேயே அரிசியும் பாசிப்பயறும் தேங்காயும் கிடைத்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. மிளகு விற்கப் போன சரக்கு. அரிசியும் பயறும் நம்மவர்கள் தின்னக் கொண்டுபோனதாக இருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இதே கதை எதிர்ப்பக்கமும் நடந்திருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘பெரிப்ளூஸ்’ என்னும் கடல்வழி நூல், முசிறிப் பக்கம் கொண்டுவரும் பொருள்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருகிறது. நடுவில் கோதுமையும் வருகிறது, கப்பல் ஆட்களுக்குப் போதுமான அளவு மட்டும். ஏனென்றால் இந்த ஊர் வியாபாரிகள் கோதுமை விற்பதில்லையாம். சேர நாட்டில் அரிசிக்கா பஞ்சம்? இருந்தும் யவனன் தன் மாவைத் தானே சுமந்து வந்தான். வேலை தேடி வெளியூர் போகும் பிள்ளையின் பெட்டியில் புளிக்காய்ச்சலும் பருப்புப்பொடியும் கட்டிக் கொடுக்கும் நமக்கு இது புரியாதா என்ன! சோழமண்டலக் கரையிலிருந்து கரையை ஒட்டியே மேற்குக் கரை வரை போய்வந்த உள்ளூர்க் கலங்களைப் பற்றியும் அந்நூல் தனியாகச் சொல்கிறது. நாம் இங்கே பேசுவது அந்தச் சின்னக் கப்பல்களைப் பற்றித்தான்.

கரையை ஒட்டிப் போவதில் பெரிய வசதி ஒன்று உண்டு. தண்ணீர் தீர்ந்தால் அடுத்த துறையில் இறங்கி நிரப்பிக்கொள்ளலாம். நடுக்கடலில் அது நடக்காது. 5-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சீனத் துறவி பாஹியான் ஜாவாவிலிருந்து ஊர் திரும்பியபோது, 50 நாளுக்கு உணவு ஏற்றிய கப்பல் 70 நாள் தாண்டியும் கரை காணவில்லை. கடல் நீரில் சமைத்தார்கள், நல்ல தண்ணீரை ஆளுக்கு இவ்வளவு என்று அளந்து கொடுத்தார்கள் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார்.

அந்தத் தண்ணீரை அளந்து கொடுப்பவன் யார்? அக்பர் காலத்து அபுல் பசலின் ‘அயினி அக்பரி’ கப்பல் ஆட்களைப் பட்டியல் போடுகிறது. அதில் மூன்று பெயர்கள் நமக்குச் சொந்தக்காரர்கள் போல. கலாசிகளின் தலைவன் தண்டேல், சாமான் அறைக்குப் பொறுப்பாளி பண்டாரி, கணக்கு எழுதுகிறவன் கிராணி. பயணிகளுக்குத் தண்ணீர் கொடுப்பதும் கிராணியின் வேலை என்கிறது அந்நூல். பேனா பிடித்தவன் கையில்தான் தண்ணீரும்! மலேயாத் தோட்டத்துக் கிராணியை நம்மில் பலர் கதைகளில் சந்தித்திருப்போம். அந்தச் சொல் கப்பல்களிலும் இப்படி வழங்கியிருக்கிறது. தண்டேல் தூத்துக்குடியில் ‘தண்டல்’ ஆனான். பண்டாரி சமையற்காரன் ஆனான்.

நாம் வாழும் கர்நாடகத்துக்கும் இதில் பங்குண்டு. 12-ஆம் நூற்றாண்டில் மங்களூரில் பல ஆண்டுகள் வணிகம் செய்த ஆபிரகாம் பென் யிஜு என்ற யூத வணிகர், 1149-இல் ஏடனுக்குக் கப்பலேறினார். அவர் எழுதிய சாமான் பட்டியல் ஒன்று கெய்ரோ யூதத் தொழுகைக் கூடத்தின் பழங்காகிதக் குவியலில் தப்பிக் கிடந்தது. பாத்திரங்களும் தின்பண்டங்களுமாக இருக்கும் அந்த ஒரு பட்டியலை வைத்து எலிசபெத் லாம்போர்ன் என்ற ஆய்வாளர் 2018-இல் முழுப் புத்தகமே எழுதிவிட்டார். அவ்வளவு விஷயம் ஒரு சமையல் சாமான் சீட்டில் இருக்கிறது.

இனி தூத்துக்குடித் தோணிக்கு வருகிறேன். தோணி என்றதும் ஆற்றைக் கடக்கும் சின்னப் படகை நினைக்க வேண்டாம். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் நூற்றுக்கணக்கான டன் சரக்கு ஏற்றிப்போன மரக் கப்பல் அது. பாய் விரித்து ஓடியது, பின்னாளில் எஞ்சினும் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று கடுமையாக வீசும் மாதங்களில் கட்டிப் போட்டுவிடுவார்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஊருக்குப் போயிருந்தபோது, இளமையில் தோணியில் பண்டாரியாக இருந்த முதியவர் ஒருவரைப் பார்த்துப் பேசினேன்.

“அண்ணாச்சி, தோணியில என்னதான் சமைப்பீங்க?” என்றேன்.

“சோறுதான் தம்பி. காலைல பழைய கஞ்சி, மத்தியானம் சோறும் மீன் கொழம்பும். தூண்டில்ல மீன் பட்டா நல்ல கொழம்பு. படலன்னா கருவாடு, அதுவும் இல்லன்னா மாசி. அடுப்புன்னா வேற ஒண்ணுமில்ல, மணல் பரப்புன மரப்பெட்டி. காத்து மாறுச்சுன்னா அடுப்பும் எடம் மாறும். தீப்பொறி பாய்ல விழுந்துச்சுன்னா தீந்துச்சு கதை.”

தண்ணீரைப் பற்றிக் கேட்டதும் அவர் குரலே மாறிவிட்டது. ஒருமுறை காற்று அடியோடு விழுந்துவிட்டதாம். மாலத்தீவிலிருந்து திரும்பும் வழி, பாய் துணி மாதிரித் தொங்குகிறது. “அரிசி கழுவுறதக் கடல் தண்ணியில ஆக்கிட்டேன். ஒலையில பாதி உப்புத் தண்ணி, பாதி நல்ல தண்ணி. உப்பே போட வேண்டாம். அப்புறம் சமைக்கிறதையே விட்டுட்டோம், அவல் மட்டும். ஆளுக்கு ஒரு செம்பு. சின்னப் பையன் ஒருத்தன் மொத தடவ வந்திருந்தான். அவனுக்கு ஒரு மடக்குக் கூட. தண்டல்தான் கடைசியாக் குடிப்பாரு. அவரு குடிச்சாச்சுன்னா அன்னைக்கு யாரும் பீப்பாயத் தொட முடியாது.” எத்தனை நாள் என்று கேட்டேன். “நாள எண்ணல தம்பி, தண்ணியத்தான் எண்ணுனேன்” என்றார்.

பாஹியானின் கப்பலுக்கும் இந்தத் தோணிக்கும் இடையே 1500 ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டது. கணக்கு மட்டும் ஒன்றேதான்.

மாசியைப் பற்றி ஒரு வார்த்தை. சூரை மீனை வேகவைத்து, புகையிட்டு, கட்டைபோல் ஆகும்வரை வெயிலில் காயவைத்தால் மாசி. மாதக்கணக்கில் கெடாது, கொஞ்சம் சுரண்டிப் போட்டால் குழம்பு மணக்கும். 1343-இல் மாலத்தீவு சென்ற இப்னு பதூதா, மீனைத் துண்டாக்கி, வேகவைத்து, புகையில் உலர்த்தி இந்தியாவுக்கும் சீனாவுக்கும் ஏமனுக்கும் அனுப்புவதைக் குறித்திருக்கிறார். அங்கிருந்து கிளம்பி இலங்கை வழியாக வந்தவர், நம் கரையருகே கப்பல் உடைந்துதான் மதுரை சுல்தானிடம் போய்ச் சேர்ந்தார். திவேஹி மொழியில் மீனுக்கு ‘மஸ்’ என்று பெயர். நம் மாசி அங்கிருந்து வந்ததாகவே தோன்றுகிறது. சரக்காக ஏற்றி வந்ததே கப்பலுக்குள் சாப்பாடாகவும் ஆனது. தூத்துக்குடி வீடுகளில் மாசிச் சம்பல் இல்லாத மழைக்காலம் உண்டா?

நீராவிக் கப்பல் வந்ததும் இந்த வாழ்க்கை பயணிகளைப் பொறுத்தவரை சுருங்கிவிட்டது. வ.உ.சி. 1906-இல் தொடங்கிய சுதேசி நீராவிக் கப்பல் கம்பெனியின் ‘காலியா’வில் சாதாரண வகுப்பில் மட்டும் 1300 பேர் போகலாம். போட்டிக்கு நின்ற ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்து, கடைசியில் இலவசமாக ஏற்றிக் குடையும் கொடுத்த கதை நமக்கெல்லாம் தெரியும். கொழும்பு ஓர் இரவுப் பயணம்தான். கட்டுச்சோறு போதும், பண்டாரி வேண்டாம். 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் புறப்பட்ட நாகப்பட்டினம் – காங்கேசன்துறை கப்பலில் பயணம் சுமார் 4 மணி நேரம். தண்ணீர் பாட்டில் ஒன்று கையில் இருந்தால் சரி.

தோணிப் பண்டாரிகள் பேசியதை யாராவது ஒலிப்பதிவு செய்திருக்கிறார்களா என்று நான் சந்தித்தவரிடமே கேட்டேன். “யாரும் வந்ததில்ல தம்பி. எங்கிட்ட என்ன இருக்கு?” என்றார். பிறகு உள்ளே போய், கைப்பிடி உடைந்த ஒரு செம்பு அகப்பையை எடுத்து வந்து காட்டினார். ஆளுக்கு அளந்தது அதில்தானாம்.