உக்கு, ஊட்ஸ், பரங்கி: தென்னிந்திய வாளின் பெயர்கள்

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய நாகலாபுரம், கிருஷ்ணதேவராயர் தம் தாய் நாகலாதேவியின் பெயரால் அமைத்த ஊர் எனப்படுகிறது. தமிழும் தெலுங்கும் அருகருகே வழங்கும் இவ்வட்டாரத்தில் ஒரே உலோகத்துக்கு இரு சொற்கள் உண்டு: தமிழில் உருக்கு, தெலுங்கில் உக்கு. இரண்டையும் 'உருகு' என்னும் வேரோடு இணைத்துப் பார்ப்போர் உளர். சங்க இலக்கியத்தில் கூர்மையையும் வேலையும் குறித்த எஃகு, உலோகப் பெயராக நிலைபெற்றது பின்னரே.

1794-இல் பம்பாயிலிருந்த மருத்துவர் ஹெலினஸ் ஸ்காட், இவ்வுலோகத்தின் மாதிரிகளை இலண்டனுக்கு, ஜோசப் பாங்க்ஸுக்கு அனுப்பினார். அவற்றை ஆராய்ந்த ஜார்ஜ் பியர்சனின் 1795ஆம் ஆண்டுக் கட்டுரை 'ஊட்ஸ்' என்ற பெயரை ஆங்கிலத்தில் நிலைநாட்டியது. கன்னட, தெலுங்கு 'உக்கு'வைப் பிழையாக வாசித்ததால் இச்சொல் பிறந்திருக்கலாம் என்பது ஹாப்சன்-ஜாப்சன் அகராதியின் ஊகம். எந்த ஊர்க் கொல்லரும் அறியாத ஒரு பெயர் இன்று உலக உலோகவியலின் கலைச்சொல்லாக நிற்கிறது!

ஆனால் செய்முறை கொல்லருடையதே. தேனிரும்புத் துண்டுகளோடு ஆவாரை விறகையும் எருக்கிலையையும் சிறு மட்குகையில் இட்டு, வாயை மண்ணால் அடைத்து, துருத்தியால் ஊதிக் காய்ச்சினர். இலையும் விறகும் கரியாகி இரும்பில் கலந்தன. மெல்லக் குளிர்ந்த கட்டியைத் தாழ்ந்த வெப்பத்தில் பொறுமையாகத் தட்டினால்தான் அலகில் நீரலை போன்ற கோலம் எழும். வெப்பம் மிகுந்தால் கட்டி நொறுங்கும்.

அரபு மொழியில் நல்ல வாளுக்கு 'முஹன்னத்' என்று பெயர். இந்திய எஃகால் ஆனது என்பது பொருள். இங்கோ, தக்காணத்தில் மதிப்புப் பெற்ற நேரலகு வாள் 'ஃபிரங்கி', அதாவது பரங்கி. போர்த்துகீசியர் வழியாகவும் பிறர் வழியாகவும் வந்த ஐரோப்பிய அலகுகளுக்கு உள்ளூர்க் கைப்பிடி பொருத்தப்பட்டது. மொராக்கோவின் நிம்சா வாள்கள் பலவற்றிலும் இதே கதைதான்: பிடி உள்ளூர், அலகு ஐரோப்பியம்.

எஃகுக்குப் பெயர்போன நாடு அயல் அலகை ஏன் வாங்கியது? பெருமிதக் கட்டுரைகள் இக்கேள்வியைத் தொடுவதில்லை. மட்குகைக் கட்டி சிறியது. கரிமம் மிகுந்து கடினமானது. வளைந்து மீளும் நீண்ட நேரலகுக்கு ஐரோப்பிய எஃகு ஏற்றதாக இருந்திருக்க வேண்டும். அயல் முத்திரைக்கும் தனி மவுசு இருந்தது. உள்ளூர்க் கொல்லர் அம்முத்திரைகளையே தம் அலகுகளில் பொறித்ததும் உண்டு. ஆகவே வாளின் பெயர் அது பிறந்த ஊரைக் காட்டுவதைவிட, வாங்கியவர் எதை உயர்வாகக் கருதினார் என்பதையே மிகுதியாகக் காட்டுகிறது.

இதைச் சரிபார்க்கத் தக்க பெரும் சான்று தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டில். இரண்டாம் சிவாஜி 1855-இல் ஆண் வாரிசின்றி இறந்தபின் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. 1863-இல் சிறந்தவை எனக் கருதப்பட்டவை சென்னை அருங்காட்சியகத்துக்குப் பொறுக்கப்பட்டன. மிகுதியானவை உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டன. வால்ஹவுஸ் 1878-இல் 'இந்தியன் ஆன்டிகுவரி' இதழில் இதை வருந்தி எழுதினார். பொறுக்கியோர் நாடியது அழகிய வேலைப்பாட்டை. யாளி முகப் பிடிகள் பல தப்பின. வேலைப்பாடற்ற வாள்களில் உள்ளூர் அலகு எத்தனை, பரங்கி அலகு எத்தனை என்று எண்ணும் வாய்ப்பு அவ்வாண்டோடு போயிற்று.