விதிவிலக்கு யாருக்கு உரியது?

 

"பிள்ளைக்குத் தடுப்பூசி ஏற்றாமல் இருக்க மார்க்கத்தின் பேரில் விலக்குக் கேட்கலாமா?" என்னும் வினா யாழ்ப்பாணத்துச் சோனகத்தெரு இல்லங்களிலும் இன்று எழுகின்றது. இவ்வினா புதியதன்று.

பெரியம்மையைத் தடுக்கும் அம்மைப்பால் 1802ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்தது. 1886ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனை எல்லோருக்கும் கட்டாயமாக்கிற்று. நம்மை ஆண்டவர்களின் சொந்த நாட்டிலேயோ அப்பொழுது பெரும் எதிர்ப்பு மூண்டிருந்தது. இங்கிலாந்தின் 1853ஆம் ஆண்டுச் சட்டம், உடல்நலங் குன்றிய குழந்தைக்கு மட்டும் வைத்தியரின் சான்றிதழின் பேரில் இரண்டு மாதத் தவணை அளித்தது. அது போதாதென்று 1885இல் லெஸ்டர் நகரில் பல்லாயிரவர் திரண்டனர். 1898இல் மனச்சாட்சியின் பேரில் மறுப்போருக்கும் விலக்குக் கிடைத்தது. உடலின் பேரில் ஒன்று, உள்ளத்தின் பேரில் மற்றொன்று என இருவகை விலக்குகளும் அவ்வாறு சட்டத்தில் பதிந்தன.

முதல்வகை நமக்கு அந்நியமானதன்று. ரமழான் நோன்பில் நோயாளிக்குச் சலுகை உண்டு. நோய் நீங்கியபின் அவர் அதனைக் களாச் செய்வார். சுகதேகி அச்சலுகையைத் தனதாக்கிக்கொள்ள இயலாது. தடுப்பூசியிலும் அவ்வாறே. கடும் நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள குழந்தைக்குச் சின்னமுத்துத் தடுப்பூசி ஏற்றலாகாது. அக்குழந்தையைச் சின்னமுத்து அண்டாமல் காப்பது அயல்வீட்டுப் பிள்ளைகள் பெற்ற ஊசியே. சுகமான பிள்ளையின் பெற்றோர் அவ்விலக்கைக் கேட்பாராயின், அது நோயாளிப் பிள்ளையின் பங்கை எடுப்பதாகும்.

மார்க்கத்தின் பேரில் விலக்குக் கேட்டு நிற்பதன் வலியை நாம் அறிவோம். 2020 ஏப்ரலில் வெளிவந்த வர்த்தமானி, கொரோனாவால் மரணித்தோர் அனைவரையும் தகனஞ் செய்யக் கட்டளையிட்டது. அடக்கம் செய்யலாம் என உலக சுகாதார நிறுவனம் கூறியிருந்தும் நம் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. பிறந்து இருபது நாட்களேயான சிசுவும் தப்பவில்லை. 2021 பெப்ரவரி இறுதியிலேதான் அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடியில் அடக்கம் தொடங்கிற்று. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கோரியது. அன்று நம் கோரிக்கையை நியாயமாக்கியவை எவை? மையித்தை அடக்குவது நம்மீது கடமை. அதனாற் பிறருக்குத் தீங்கு நேரும் என மருத்துவம் காட்டவுமில்லை. தடுப்பூசியை மறுப்பதற்கு இவ்விரண்டில் எது பொருந்தும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

மருந்தில் கலந்திருப்பது ஹலாலா என வினவுவது நேர்மையான வினாவே. சின்னமுத்துக்கும் ருபெல்லாவுக்குமான ஒரு தடுப்பூசியின் தயாரிப்பில் பன்றியிலிருந்து பெற்ற பொருள் பயன்பட்டமையை இந்தோனேசிய உலமா சபை 2018இல் மறைக்கவில்லை. ஹராம் என்றே சொல்லிற்று. ஆயினும் ஹலாலான மாற்று மருந்து இல்லாத நிர்ப்பந்தத்தில் அதனை ஏற்றலாம் எனவும் தீர்ப்பளித்தது.

வட நைஜீரியாவின் கானோ மாநிலத்தில் 2003இல் நிகழ்ந்ததோ வேறு. போலியோ சொட்டு மருந்து மலட்டுத்தன்மையை உண்டாக்கும் என்னும் வதந்தியை நம்பி அதனை நிறுத்தினர். அதே இந்தோனேசியாவில் தயாரான மருந்தைத் தருவித்த பின்னரே 2004இல் மீண்டும் கொடுக்கலாயினர். அதற்குள் கிருமி எல்லை கடந்துவிட்டது. ஏறத்தாழப் பத்தாண்டுகளாகப் போலியோ இல்லாதிருந்த இந்தோனேசியாவில் 2005இல் சுமார் 300 பேர் அந்நோயால் முடமாயினர். அவர்களைத் தாக்கிய கிருமி வட நைஜீரியாவிலிருந்து வந்ததென ஆய்வாளர் கண்டனர். மருந்து கொடுத்தவர்களின் பிள்ளைகளே மருந்தை மறுத்ததன் விலையைச் செலுத்தினார்கள்!

நம் நாட்டின் கடைசிப் போலியோ நோயாளி 1993இல் காணப்பட்டார். 1995 முதல் நடைபெற்ற தேசிய சொட்டு மருந்து நாட்களில், வடகிழக்கின் போர்ப் பகுதிகளில் இருதரப்பும் துப்பாக்கிகளை ஓயவைத்து மருந்துக்கு வழிவிட்டன. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட நம் குடும்பங்கள் அவ்வேளை புத்தளத்து முகாம்களிலே கிடந்தன. அங்கும் அம்மருந்து சென்றது. இன்று சோனகத்தெருவிற்குத் திரும்பி வந்து, பெற்றோராய் இவ்வினாவைக் கேட்போரிற் சிலர், அன்று அச்சொட்டுக்களை நாவில் ஏற்ற அப்பிள்ளைகளே.