பாட்டு அறுபடும் இடம்

நோன்பு மாதத்து மாலைகளில் மாவனல்லை வீடுகளில் வானொலிக்குத் தனி மரியாதை இருந்தது. கஞ்சிக் கோப்பையும் பேரீச்சம்பழமும் முன்னால் இருக்கும். இலங்கை வானொலியின் முஸ்லிம் சேவையில் பாங்கு ஒலிக்கும்வரை ஒருவரும் கை நீட்டமாட்டார்கள். அந்த நேரம் பார்த்து ஒலி கரகரத்து அமுங்கினால் வீட்டில் மூத்தவர் எழுந்து ஏரியல் கம்பியைப் பிடித்துக்கொள்வார், இளையவர் முள்ளை மயிரிழை அளவுக்கு நகர்த்துவார். ஒலி மீண்டும் தெளிந்த பிறகுதான் வீடு மூச்சுவிடும்.

கொழும்பிலிருந்து கண்டிக்குப் போகும் பெருவீதியில், மகா ஓயாக் கரையில் இருக்கும் ஊர் மாவனல்லை. சுற்றிலும் மலைகள்: ஒரு பக்கம் கொள்ளைக்காரன் சரதியல் ஒளிந்திருந்த உத்துவன்கந்தை, கண்டிப் பக்கம் கடுகண்ணாவை ஏற்றம். மலைச்சரிவுகளில் றப்பரும் தேயிலையும். ஊருக்குள் முஸ்லிம்களின் தமிழ், தோட்டங்களில் மலையகத் தமிழ், எங்கும் சிங்களம். இத்தனை பேரும் நூறு ஆண்டுகளாகப் பாட்டுக் கேட்ட கதையைப் பார்த்தால், பாட்டு அறுந்த கதையும் கூடவே வருகிறது. ஒவ்வொரு காலத்திலும் அது வேறு இடத்தில் அறுந்தது. அந்த இடத்தைக் கண்டுபிடிப்பதே பழுது பார்ப்பவரின் வித்தையாக இருந்தது.

இலங்கையின் முதல் ஒலிபரப்பே இசைத்தட்டில்தான் தொடங்கியது. தந்தித் திணைக்களத்தின் பொறியியலாளர் எட்வர்ட் ஹார்ப்பர் 1920களின் முற்பகுதியில், கொழும்பு மத்திய தந்தி நிலையத்தின் சிற்றறை ஒன்றிலிருந்து கிராமபோன் இசையை அனுப்பிப் பரிசோதித்தார். பிடிபட்ட ஜெர்மன் நீர்மூழ்கியொன்றின் வானொலிச் சாதனத்திலிருந்து கழற்றிய உறுப்புகள் அதற்கு உதவின. 1925 டிசம்பரில் முறையான சேவை தொடங்கியது. இரண்டாம் உலகப் போரில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியப் படைத் தலைமையகம் இலங்கைக்கு வந்தபோது, படையினருக்காக ரேடியோ சீக் என்ற நிலையமும் வந்தது. ஜா-எலவுக்கு அருகே ஏக்கலவில் நூறு கிலோவாட் சிற்றலை அனுப்பி ஒன்று எழுந்தது. போர் முடிந்து 1949இல் அது இலங்கையின் கைக்கு வந்தது. படைவீரர்களுக்காக நிறுத்திய கருவி, மறு ஆண்டில் தொடங்கிய வர்த்தக சேவையால் திரைப்பாட்டின் கருவியாயிற்று.

1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒதுக்கியபோது இந்தியாவின் காதுகள் கொழும்பை நோக்கித் திரும்பின. அறிவிப்பாளர் எஸ். பி. மயில்வாகனத்தின் குரல் தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் ஒலித்தது. பிறகு கே. எஸ். ராஜா, பி. எச். அப்துல் ஹமீத், ராஜேஸ்வரி சண்முகம். 'பொங்கும் பூம்புனல்' ஒலிக்காத காலை அந்த நாளில் காலையாகவே படவில்லை.

ஆனால் சிற்றலைக்கு ஒரு குணம் உண்டு. அது நிலத்தோடு தவழ்ந்து வெகுதூரம் போகாது. பூமிக்கு மேலே நூற்றுக்கணக்கான கிலோமீற்றர் உயரத்தில் உள்ள அயனி மண்டலத்தில் பட்டு வளைந்து கீழிறங்கும். அதனால் ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் தெளிவாகக் கேட்கிற நிகழ்ச்சி, அனுப்பிக்கு அருகே உள்ள ஊரில் கேட்காமலே போகலாம். அலை அந்த ஊரின் தலைக்கு மேலால் தாண்டிவிடுகிறது. உள்ளூருக்கு மத்திய அலை தேவைப்பட்டது அதனால்தான். இன்னொன்று, ஒரே அலை இரண்டு வழியாக வந்து சேரும்போது ஒன்றையொன்று கூட்டும், சில நொடிகளில் ஒன்றையொன்று அழிக்கும். பாட்டு தூரத்துக்குப் போய்த் திரும்பி வருவதுபோலத் தோன்றுவது இந்தக் கூட்டல் கழித்தலால்தான். இது ஆகாயத்தில் விழும் இடைவெளி. பழுது பார்ப்பவர் அதைத் தீர்க்க முடியாது. பெட்டிக்குள்ளே தானாக ஒலியை ஏற்றியிறக்கும் சுற்று அதை ஓரளவு மறைக்கும். மீதியைக் கேட்பவரின் நினைவு நிரப்பிக்கொள்ளும்.

தோட்டத் தொழிலாளர் வசித்த லயங்களில் அறுபட்ட இடம் வேறு. பல லயங்களுக்கு மின்சாரம் மிகவும் பிந்தித்தான் வந்தது. காம்பராவுக்குள் வந்த முதல் ரேடியோ பெரும்பாலும் பற்றரியில் ஓடுவதாகவே இருந்தது. 1950களின் நடுப்பகுதியில் உலகச் சந்தைக்கு வந்த திரான்சிஸ்டர் ரேடியோவுக்கு வால்வு ரேடியோவைப் போல இழை சூடாகத் தேவையில்லை, சில பற்றரிகளே போதும். பற்றரி இளைத்தால் பாட்டும் இளைக்கும். அதைக் கழற்றி வெயிலில் காயவைத்து மறுபடி போடுவது வீட்டுக்கு வீடு தெரிந்த வைத்தியம். சூடு ஏறினால் உள்ளே வேதிவினை சற்று வேகம் பிடிக்கும். தீர்ந்த பற்றரி இன்னும் கொஞ்ச நேரம் பாடும். பெட்டியிலும் ஆகாயத்திலும் குற்றமில்லை, குறை வந்தது மின்சாரத்தில். அது இன்றைக்கும் பழைய கதையாகிவிடவில்லை. 2022 மார்ச் இறுதியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம் மின்வெட்டு வந்தபோது நாடு முழுவதும் அதை உணர்ந்தது.

பிறகு கசெட் வந்தது. 1963இல் பிலிப்ஸ் அறிமுகப்படுத்திய அந்தச் சிறு பெட்டி, இலங்கையின் நகரங்களுக்கு 'ரெக்கோடிங் பார்' என்ற புதுக் கடையைத் தந்தது. வேண்டிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தால், சில நாளில் கசெட் கையில் கிடைக்கும். நொடிக்கு 4.76 சென்ரிமீற்றர் வேகத்தில், நான்கு மில்லிமீற்றருக்கும் குறைந்த அகலமுள்ள நாடா தலைமுனையை உரசிப்போகும். நாடாவின் காந்தப் பூச்சு ஒரு புள்ளியில் உதிர்ந்தால், அல்லது தூசி ஒட்டி நாடாவைத் தலைமுனையிலிருந்து தூக்கிவிட்டால், பாட்டில் ஒரு பொத்தல் விழும். மலையடிவார ஈரத்தில் பூஞ்சையும் சேர்ந்துகொள்ளும். மருந்து எளியது. ஸ்பிரிட்டில் தோய்த்த பஞ்சு, நாடாவை இழுக்கும் றப்பர் உருளையைத் துடைத்தல், சிக்கிய நாடாவைப் பென்சிலால் சுற்றி எடுத்தல்.

இறுவட்டு 1982இல் வந்தபோது இசை எண்ணாக மாறியது. ஒரு நொடிப் பாட்டுக்கு இடம், வலம் என ஒவ்வொரு பக்கத்துக்கும் 44,100 அளவெண்கள். இரு பக்கமும் சேர்த்து நொடிக்கு 1,76,400 பைட்டுகள். தட்டில் சிறு கீறல் விழுந்தாலும் உடன் எழுதிய திருத்தக் குறியீடு இழந்ததை மீட்டுத் தரும். கடுகண்ணாவை வளைவுகளில் குலுங்கும் பஸ்ஸில் கையடக்க இறுவட்டுக் கருவி தாவிக் குதிப்பதைத் தடுக்க, சில நொடி இசையை முன்கூட்டியே படித்து நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் முறை 1990களில் பரவியது. வீட்டுக் கணினியில் பாட்டுக் கேட்பதும் இதே முறையை நம்பித்தான் நடக்கிறது.

தோட்டத்துப் பீலியைத் தெரிந்தவர்களுக்கு இதை விளக்குவது எளிது. மலை ஊற்றிலிருந்து வரும் நீர் சில நேரம் பாய்ந்து வரும், சில நேரம் சொட்டும். பீலிக்குக் கீழே பீப்பாய் வைத்தால், மேலே எப்படி விழுந்தாலும் அடிக்குழாயில் நீர் ஒரே சீராக வரும். பீப்பாய் வற்றினால் மட்டுமே குழாய் நிற்கும். கணினியில் அந்தப் பீப்பாய்க்கு பஃபர் என்று பெயர். ஒலி அட்டை அதிலிருந்து தவறாத கடிகாரக் கணக்கில் எடுத்துக்கொண்டே இருக்கும். அதை நிரப்ப வேண்டிய முதன்மைச் செயலிக்கோ ஆயிரம் வேலை. 256 அளவெண் கொள்ளும் பஃபர் என்றால் ஆறு மில்லிநொடிக்குள் திரும்பி வந்து நிரப்ப வேண்டும். வைஃபை இயக்கியொன்று ஏழு மில்லிநொடி செயலியைப் பிடித்துக்கொண்டால் பீப்பாய் வற்றிவிடும், 'டிக்' என்று கேட்கும். இரண்டு மூன்று மில்லிநொடி மௌனத்தையே காது கண்டுகொள்ளும். படம் ஒரு சட்டகம் தவறினால் கண் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளும், காது பொறுக்காது.

1997இல் வினாம்ப் வெளிவந்து எம்பி3 வீடு புகுந்த காலத்தில், பாட்டு ஓடும்போது வேறொரு சாளரத்தை இழுத்தாலே ஒலி திக்கிய கணினிகள் பல. அதே ஆண்டில் ஸ்டெய்ன்பெர்க் நிறுவனம், இசைக்கலைஞர்களுக்காக இயங்குதளத்தின் இடைத்தட்டுகளைத் தாண்டி ஒலி அட்டையோடு நேரே பேசும் ஏசியோ முறையை வெளியிட்டது. லினக்ஸ் உலகில் இங்கோ மோல்னாரும் உடனிருந்தோரும் பல ஆண்டுகள் உழைத்து, இயங்குதளத்தின் கருவில் ஒரு வேலை இன்னொன்றைக் காக்கவைக்கும் நேரத்தைக் குறைத்தனர். அந்த உழைப்பின் தொடர்ச்சி 2024இல்தான் லினக்ஸ் மூலக்கருவோடு முழுமையாகச் சேர்ந்தது.

வீட்டில் கேட்பவருக்கு அத்தனை கடுமை வேண்டியதில்லை. மேடையில் வாசிப்பவருக்குத்தான் பஃபர் சிறிதாக இருக்கவேண்டும், விரல் பட்டவுடன் ஒலி வரவேண்டும் என்பதால். பாட்டுக் கேட்பவர் அதை 4,096 அளவெண்ணாகப் பெருக்கிக்கொள்ளலாம். நொடியில் பத்தில் ஒரு பங்கு பிந்தித் தொடங்குவதை யாரும் உணரமாட்டார்கள். அதற்கும் அடங்காவிட்டால் பழைய பழுது பார்ப்பவரைப் போல ஒவ்வொன்றாக விலக்கிப் பார்க்க வேண்டும். பென் டிரைவில் உள்ள பாட்டை வன்தட்டுக்கு மாற்றிக் கேட்பது, வைஃபையை நிறுத்திப் பார்ப்பது, மின்சிக்கன அமைப்பை அணைப்பது, யூஎஸ்பி கம்பியை வேறு துளையில் செருகுவது. எதைச் செய்தபோது திக்கல் நின்றதோ, பழுது அங்கேதான் இருக்கிறது.

இந்த வித்தை இப்போது புதிதாகத் தேவைப்படுவது பழைய கசெட்டுகளுக்காக. வீடுகளின் அலுமாரிகளில் வானொலியிலிருந்து நேரே பதிந்த நாடாக்கள் இன்னும் கிடக்கின்றன: அறிவிப்பாளரின் குரல், பிறந்தநாள் வாழ்த்து, பாங்கு, பாதியில் வெட்டுண்ட பாட்டு. பூஞ்சை தின்பதற்குள் அவற்றைக் கணினிக்கு மாற்ற வேண்டும். இங்கே ஒரு ஆபத்து இருக்கிறது. கேட்கும்போது பஃபர் தவறினால் அந்த நொடி மட்டுமே கெடும், மறுபடி போட்டுக் கேட்கலாம். பதியும்போது தவறினால் பொத்தல் கோப்பிலேயே நின்றுவிடும், நாடா அழிந்த பிறகு அதை அடைக்க வழியில்லை. ஆகவே பதியும் வேளையில் பஃபரை மிகப் பெரிதாக வைத்து, மற்ற எல்லா வேலைகளையும் நிறுத்தி, பின்னர் காதால் முழுவதையும் ஒருமுறை கேட்பது நல்லது.

கேட்கையில் 'டிக்' என்று கூர்மையாக வெட்டினால் அது கணினியின் பிழை, திரும்பப் பதிய வேண்டும். ஒரு நொடிக்கும் குறைவாக ஒலி மங்கி எழுந்தால் பெரும்பாலும் நாடாவின் காயம். தலைமுனையைத் துடைத்து இன்னொரு முறை ஓட்டிப் பார்க்கலாம். பாட்டு மெல்ல விலகிப்போய், பின்னால் வேறொரு நிலையத்தின் முணுமுணுப்பு எழுந்து, மறுபடி பாட்டு நெருங்கி வந்தால், அது அன்றிரவு வானில் அலைகள் ஒன்றையொன்று அழித்த தருணம். அதைத் திருத்தாமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.