செங்கல்பட்டு மாவட்டப் பள்ளிக் கணக்கெடுப்பு

செங்கல்பட்டு மாவட்டப் பள்ளிக் கணக்கெடுப்பு என்பது, சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோவின் 1822 ஆம் ஆண்டு ஆணைப்படி மாகாணமெங்கும் எடுக்கப்பட்ட உள்நாட்டுக் கல்விக் கணக்கெடுப்பின் ஒரு பகுதியாகும். மாமல்லபுரக் கடற்கரையை உள்ளடக்கிய இம்மாவட்டத்தில் 508 பள்ளிகள் பதிவாயின.

மாகாணக் கணக்குகளைக் கொண்டு 1826 இல் மன்றோ எழுதிய குறிப்பு, பள்ளி வயதுச் சிறுவரில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் கல்வி பெற்றனர் என்கிறது. இது பிரிட்டனை விடக் குறைவு. ஆயினும் பெரும்பாலான ஐரோப்பிய நாடுகளின் அண்மைக்கால நிலையை விட மேலானது என்பது அவர் கருத்து. இவ்வொப்பீட்டை எச்சரிக்கையுடன் கொள்ளவேண்டும். பள்ளியில் பயின்றோர் ஏறத்தாழ நான்கில் ஒருவரே. வீட்டில் பயின்றோர் தொகை பெரும்பாலும் மதிப்பீடு. சிறுமியர் இவ்விகிதத்தில் சேர்க்கப்படவில்லை. ஆசிரியரின் மாத வருவாய் பொதுவாக 6 அல்லது 7 ரூபாயைத் தாண்டாததால் தகுதியுடையோர் இத்தொழிலை நாடுவதில்லை என்று மன்றோவே குறித்துள்ளார். தரம்பால் 1983 இல் வெளியிட்ட நூலால் இக்கணக்குகள் மீண்டும் விவாதத்துக்கு வந்தன.