தனி சர்வர்: வாடகைக்கு வந்த கணினி

உலகின் முதல் வெப் சர்வர் ஒரு தனி சர்வர்தான், அதாவது பிறரோடு பகிராத முழுக் கணினி. 1990ஆம் ஆண்டின் இறுதியில், ஜெனீவாவை ஒட்டிய செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ பயன்படுத்திய நெக்ஸ்ட் கணினி அது. இது சர்வர், யாரும் அணைத்துவிடக் கூடாது என்று சிவப்பு மையால் எழுதிய சீட்டு ஒன்று அதன் பெட்டியில் ஒட்டப்பட்டிருந்தது. கணினி, இடம், இணைப்பு, பராமரிப்பு ஆகிய நான்கும் அப்போது ஒரே கையில் இருந்தன. இவை ஒவ்வொன்றாகப் பிரிந்து வெவ்வேறு கைகளுக்குப் போனதிலிருந்தே தனி சர்வர் வாடகைத் தொழில் பிறந்தது.

சொந்தமாகக் கணினியும் நிரந்தர இணைப்பும் வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்குப் பகிர்வு ஹோஸ்டிங் வழி திறந்தது. ஒரே சர்வரில் பல தளங்கள் இருக்கும் ஒண்டுக்குடித்தனம் அது. தொடக்கத்தில் இதற்கு ஒரு தடை இருந்தது. பிரவுசர் சர்வரிடம் பக்கத்தைக் கேட்கும்போது எந்தத் தளத்தின் பக்கம் என்பதைச் சொல்லாது. எனவே ஒரே கணினியில் இருந்தாலும் தளத்துக்கு ஒரு ஐபி முகவரி தேவைப்பட்டது. 1997 ஜனவரியில் வெளியான எச்டிடிபி 1.1 விதிமுறை, தளத்தின் பெயரையும் சேர்த்துக் கேட்பதைக் கட்டாயமாக்கியது. அதன்பின் ஒரே முகவரியில் நூற்றுக்கணக்கான தளங்கள் குடியேறின. கட்டணம் இறங்கியது, ஆனால் ஒரு தளத்தில் கூட்டம் கூடினால் மற்றவை திணறின.

வளர்ந்த நிறுவனங்கள் வேறு வழி தேடின. சர்வரைத் தாங்களே வாங்கி, மின்சாரமும் குளிரூட்டலும் அதிவேக இணைப்பும் உள்ள டேட்டா சென்டரில் இடம் பிடித்து வைத்தன. கோயிலின் அடிமனைக்கு வாடகை கொடுத்துவிட்டுச் சொந்த வீடு கட்டிக்கொள்வதைப் போன்ற இந்த முறைக்குக் கோலொகேஷன் என்று பெயர். இதில் முன்னணியில் நின்ற எக்ஸோடஸ் கம்யூனிகேஷன்ஸை 1994இல் தொடங்கியவர்கள் கே.பி. சந்திரசேகர், பி.வி. ஜகதீஷ் என்ற இரு இந்தியர்கள். சென்னை குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இயங்கும் ஏயு-கேபிசி ஆய்வு மையத்தின் பெயரில் உள்ள ‘கேபிசி’ சந்திரசேகரைக் குறிப்பதே. கலிபோர்னியாவின் சாண்டா கிளாராவில் இருந்த எக்ஸோடஸ் கட்டடத்தில், கம்பி வலையால் தடுத்த கூண்டுகள் வாடகைக்கு விடப்பட்டன. 1999இல் கூகுளின் கூண்டு வெறும் 28 சதுர அடி. அதற்குள் ஏறத்தாழ 30 கணினிகள். வாடகை சதுர அடிக் கணக்கு என்பதால், சிறிய இடத்தில் எத்தனை கணினிகளை அடுக்கலாம் என்பதே அன்றைய சாமர்த்தியம். டாட்காம் சரிவில் எக்ஸோடஸ் 2001 செப்டம்பரில் திவாலானது.

கணினியையும் சேர்த்தே வாடகைக்குத் தருவது அடுத்த படி. ஜெர்மனியில் ஹெட்ஸ்னர் 1997இலும், டெக்சஸின் சான் அன்டோனியோவில் ரேக்ஸ்பேஸ் 1998இலும், பிரான்சில் ஓவிஎச் 1999இலும் தோன்றின. கோபால்ட் நெட்வொர்க்ஸ் 1998இல் கொண்டுவந்த ‘ராக்’ என்ற சர்வர் இந்தத் தொழிலுக்கு ஏற்ற கருவியானது. அதன் உயரம் 1.75 அங்குலம், ஒரே அலமாரியில் பல பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகலாம். நிர்வாகத்தையும் பிரவுசர் வழியாகவே செய்யலாம். 2000இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கோபால்ட்டைச் சுமார் 200 கோடி டாலருக்கு வாங்கியது.

சர்வர் வேறு ஊரில், சில சமயம் வேறு நாட்டில் இருந்ததால், பராமரிப்பு தனி வித்தையானது. டெல்நெட் என்ற பழைய முறையில் தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழைந்தால் பாஸ்வேர்டு வெளிப்படையாகவே கம்பியில் போகும். பின்லாந்தின் டாட்டு யூலோனென் 1995இல் எழுதிய எஸ்எஸ்எச் அதை மறைத்து அனுப்பியது. கட்டளைகள் தெரியாதவர்களுக்கு சிபேனல் போன்ற நிர்வாகப் பலகைகள் கைகொடுத்தன. சர்வர் உறைந்துபோனால், டேட்டா சென்டருக்குப் போன் போட்டு யாரையாவது ரீசெட் பொத்தானை அழுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. 1998இல் வந்த ஐபிஎம்ஐ என்ற பொதுமுறை பரவிய பின், அந்த வேலையையும் வீட்டிலிருந்தே செய்ய முடிந்தது.

பேண்ட்விட்த் பில்லுக்கும் ஒரு கணக்கு உருவானது. போக்குவரத்தை 5 நிமிடத்துக்கு ஒருமுறை அளந்தால் 30 நாள் மாதத்தில் 8,640 அளவுகள் சேரும். அவற்றைப் பெரியதிலிருந்து வரிசைப்படுத்தி, மேலே உள்ள 5 சதவீதத்தை, அதாவது 432 அளவுகளை நீக்கிவிட்டு, அடுத்ததற்குக் கட்டணம் வாங்குவது வழக்கம். மாதத்தில் மொத்தம் 36 மணி நேரம் கூட்டம் அலைமோதினாலும் பில் ஏறாது. அதைத் தாண்டினால் ஏறும்.

எதைப் பார்த்துச் சர்வர் எடுப்பது என்ற அளவுகோல்களும் இந்த அனுபவங்களிலிருந்தே வந்தன. பிராசசர், நினைவகம், டிஸ்க் ஆகியவற்றோடு ஊரும் முக்கியமானது. கண்ணாடி இழையில் ஒளி மில்லி நொடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர்தான் போகும். ஹூஸ்டனில் உள்ள சர்வர் சென்னைக்கு ஏறத்தாழ 15,000 கிலோமீட்டர் தொலைவு. போய்வரவே குறைந்தது 150 மில்லி நொடி. எவ்வளவு விலையுயர்ந்த பிராசசராலும் அதைக் குறைக்க முடியாது. அடுத்த கேள்வி, பராமரிப்பு யார் பொறுப்பு என்பது. மேனேஜ்டு ஒப்பந்தத்தில் அப்டேட்டும் கண்காணிப்பும் நிறுவனத்தின் வேலை. அன்மேனேஜ்டில் பழுதான பாகத்தை மாற்றித் தருவதோடு அதன் கடமை முடிந்துவிடும்.

2006இல் அமேசானின் ஈசி2 என்ற கிளவுட் சேவை வந்தபோது, மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் மெய்நிகர் சர்வர்கள் பழைய முறையை ஓரம்கட்டும் என்று தோன்றியது. ஆனால், தனி சர்வர்களை வாடகைக்கு விட்டுவந்த சாஃப்ட்லேயரை 2013இல் வாங்கித்தான் ஐபிஎம் தன் கிளவுட் வணிகத்தை விரிவாக்கியது. 2018இல் அமேசானும் முழுக் கணினியை அப்படியே வாடகைக்கு விடத் தொடங்கியது.

இரண்டு விபத்துகள் தொழிலின் எல்லையைக் காட்டின. 2008 மே 31 அன்று ஹூஸ்டனில் தி பிளானெட் நிறுவனத்தின் மின்கருவி அறை வெடித்துச் சுவர்கள் பெயர்ந்தன. சுமார் 9,000 சர்வர்கள் நின்றன. ஆனால் கணினிகளுக்குச் சேதமில்லை, மின்சாரம் திரும்பியதும் தளங்களும் திரும்பின. 2021 மார்ச் 10 அன்று ஸ்ட்ராஸ்பூரில் ஓவிஎச்சின் ஐந்து மாடிக் கட்டடம் எரிந்தபோது அப்படி நடக்கவில்லை. ரெய்டு முறையில் ஒரே தகவலை இரண்டு டிஸ்க்குகளில் எழுதியிருந்தாலும், இரண்டும் ஒரே பெட்டியில் கருகின. வேறு ஊரில் பேக்கப் வைத்திருந்தவர்கள் இன்னொரு சர்வரை எடுத்துத் தளத்தை மீட்டார்கள். பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த சிலருக்குத் தகவல் திரும்பவே இல்லை.