பறப்புப் பரிசோதனை விமானி

மேகமும் பனியும் கவிந்து ஓடுபாதை கண்ணுக்குப் புலப்படாத வேளையில், பிரயாணிகளை ஏற்றிவரும் விமானி நம்பி இறங்குவது தரையிலிருந்து வரும் ரேடியோ சமிக்ஞைகளையே. அச்சமிக்ஞைகள் பிசகின்றி வந்து சேர்கின்றனவா என்பதை வானிலேயே பறந்து அளந்து, அவை பிரயோகத்துக்கு உகந்தவையா தகாதவையா என்று தீர்ப்புச் சொல்லும் அரசாங்க உத்தியோகஸ்தரே பறப்புப் பரிசோதனை விமானி. ஒலிபரப்பும் யந்திரத்தைத் தரையில் எத்தனை நுட்பமாகச் சோதித்தாலும் போதாது. குன்றோ, உயர்ந்த கட்டடமோ, புதிதாக எழும்பிய விமானக் கொட்டகையோ அலைகளைப் பிரதிபலித்து, நேராக இருக்க வேண்டிய பாதையை ஆகாயத்தில் வளைத்துவிடக்கூடும்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இப்பணியின் ஆரம்பம் தபால் விமானங்களின் காலத்தைச் சேர்ந்தது. 1926ஆம் ஆண்டின் விமான வர்த்தகச் சட்டத்துக்குப்பின், இரவு மார்க்கங்களில் நிறுத்தப்பெற்ற சுழல்விளக்குகள் ஒழுங்காக எரிகின்றனவா என்று பறந்து பார்த்துவருவதே முதல் பரிசோதகர்களின் கடமை. விளக்குகளைத் தொடர்ந்து ரேடியோ மார்க்கங்கள் வந்தன. 1958இல் தோன்றிய மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் பரிசோதனைப் பிரிவுக்கு ஓக்லஹோமா நகரமே கேந்திரம். டக்ளஸ் டி.சி.-3 விமானங்கள் நெடுங்காலம் செய்த ஊழியத்தைப் பிற்காலத்தில் கிங் ஏர், லியர்ஜெட், சாலஞ்சர் முதலியவை ஏற்றன.

இப்பணியின் நுட்பம் 'ஐ.எல்.எஸ்.' என்னும் இறங்குவழிச் சாதனத்தில் நன்கு புலப்படும். இறங்க வரும் விமானிக்கு நடுக்கோட்டின் இடப்பக்கத்தில் 90 ஹெர்ட்ஸ் தொனியும், வலப்பக்கத்தில் 150 ஹெர்ட்ஸ் தொனியும் ஓங்கி நிற்கும். இரண்டும் சமமாகும் கோடே ஓடுபாதைக்கு நேரான வழி. அவ்விதமே மேலும் கீழுமாக இரு தொனிகள் சமமாகும் தளம், பெரும்பாலும் 3 பாகைச் சரிவில், இறங்கும் கோணத்தைக் காட்டுகிறது. பரிசோதனை விமானி இந்த வழியே பன்முறை இறங்கிவருவதோடு, நடுக்கோட்டின் இரு மருங்கும் வட்டவில்லாகக் குறுக்கே பறந்தும், ஒரே உயரத்தில் நேராக வந்து சரிவுத்தளத்தை ஊடுருவியும், சமிக்ஞையின் அகலத்தையும் எல்லையையும் அறிகிறார். பின்னால் அமர்ந்திருக்கும் நிபுணரின் கருவியில் அலைக்கோடு ஓடிக்கொண்டிருக்கும். விமானம் மெய்யாக எங்கே இருக்கிறது என்பதை முற்காலத்தில் தரையில் நின்ற ஒருவர் தியோடலைட் என்னும் கோணம் அளக்கும் கருவி கொண்டு பின்தொடர்ந்து சொல்ல, இக்காலத்தில் செயற்கைக்கோள் கணிப்பு சொல்லுகிறது. மெய்யான இடத்துக்கும் சமிக்ஞை காட்டும் இடத்துக்கும் உள்ள வேற்றுமையே பிழையின் அளவு.

சாதனம் புதிதாக நிறுவப்பெறும்போதும், குறித்த கால இடைவெளிகளிலும், அருகில் விபத்து நேர்ந்தபோதும் இச்சோதனை நடைபெறும். 'ஃபிளைட் செக்' என்ற அழைப்புப் பெயருடன் வரும் இவ்விமானம், பிற விமானங்கள் வரிசையாக இறங்கும் திசைக்கு எதிராகவும் பறக்க நேர்வதால், கட்டுப்பாட்டுக் கோபுரத்தாருடன் இடைவிடாத இசைவு தேவை. ஆகவே, கருவிகளைக் கொண்டு பறப்பதில் நெடிய அனுபவம் உள்ளவர்களே இவ்வுத்தியோகத்துக்கு ஏற்றவர்கள். அளவுகள் யாவும் வரம்புக்குள் இருந்தும், களைத்த விமானியொருவர் பலத்த காற்றில் அவ்வழியே பத்திரமாக இறங்க இயலுமா என்னும் கேள்விக்கு விடை கூற மனித விவேகமே வேண்டியிருக்கிறது. இப்பணியின் சிரேஷ்டமான அம்சம் இதுவே என்று கருதலாம்.

அபாயமும் இதில் உண்டு. 1993 அக்டோபர் 26ஆம் தேதி, வர்ஜீனியாவில் ஃப்ரன்ட் ராயல் அருகே, பரிசோதனைப் பணியிலிருந்த கிங் ஏர் விமானமொன்று மேகம் சூழ்ந்த மலையில் மோதி, அதிலிருந்த மூவரும் மாண்டனர். தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், பார்வை தெளிந்த வானிலைக்குள் நிற்கத் தவறிய விமானியின் செயலோடு, பறப்புப் பணிக்குத் தக்க தலைமையும் மேற்பார்வையும் அமைக்காத நிர்வாகத்தாரின் குறையையும் காரணமாகக் குறித்தது. மற்றவர்களுடைய பத்திரத்துக்காகப் பறந்தோரின் பத்திரத்தில் காட்டப்பட்ட இந்த அசிரத்தை மன்னிக்கத்தக்கதன்று.

செயற்கைக்கோள் வழிகாட்டுதல் பரவியபின் தரைச்சாதனங்கள் சில குறைந்துவரினும், பரிசோதகரின் வேலை குறைந்துவிடவில்லை. புதிய இறங்குமுறை ஒவ்வொன்றும் வெளியாகுமுன், வரைபடத்தில் இல்லாத கோபுரமோ, பாரந்தூக்கியோ, வளர்ந்துவிட்ட மரமோ அவ்வழியில் நிற்கிறதா என்பதை இன்றும் அவர் தம் கண்ணாலேயே பார்த்து உறுதி செய்கிறார்.