உணர்விழந்த உள்ளங்கால்: தொழுநோயில் நரம்பு மீளாக்கம் குறித்த ஒரு மறுவாசிப்பு

தொழுநோயால் உணர்விழந்த நரம்பு மீளாது என்னும் முடிவு, அந்நோய்க்கான அறுவை மருத்துவ எழுத்துகளில் நெடுங்காலமாகக் கேள்விக்கு உட்படாமலே நிலைத்துவந்துள்ளது. நரம்பினுள் நார்த்திசு மண்டிய பின் அதைத் தொடுவதில் பயனில்லை என்றும், மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்று அறுவையும் மரத்த பாதத்துக்கு எம்சிஆர் எனப்படும் நுண்ணறை ரப்பர் செருப்புமே செய்யத்தக்கவை என்றும் அம்மரபு கருதிற்று. கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் தொழுநோய் அறுவை மருத்துவராக உழைத்த பலாண்டேயும், பெரெய்ரா முதலிய ஆய்வாளர்களும் 2008-இல் பிரித்தானிய எலும்பு மூட்டு அறுவை மருத்துவ இதழில் வெளியிட்ட கட்டுரையைக் கூர்ந்து வாசித்தால், அம்முடிவு நிற்பது கடினம்.

நரம்பின் கெட்ட பகுதியை வெட்டி நீக்கி, அவ்விடைவெளியை இணைக்க அவர்கள் பயன்படுத்திய ஒட்டு நரம்பன்று, தசை. நோயாளியின் உடலிலிருந்தே எடுத்த தசைத்துண்டை உறையவைத்து உருக்கும்போது தசைச்செல்கள் மடிந்துவிட, அவற்றைச் சூழ்ந்திருந்த அடிப்படலம், அதாவது லேமினின் முதலிய புரதங்களாலான நுண்குழல், நெடுக்குவாட்டில் எஞ்சுகிறது. நரம்பிழைகளும் அவற்றைப் போர்த்திக் காக்கும் ஷ்வான் செல்களும் அக்குழல்களைப் பற்றிக்கொண்டு அறுந்த இடைவெளியைக் கடக்கின்றன. வேறொரு நரம்பைப் பலியிட வேண்டாம் என்பது இந்நோயில் பெரிய நன்மை. வழக்கமாக ஒட்டுக்கு எடுக்கப்படும் சூரல் நரம்பே இங்கு நோயுற்றிருக்கக்கூடும்.

சிகிச்சை பெற்றோர் 38 பேர், ஒட்டுகள் 48. அவற்றில் 11 மணிக்கட்டில் மீடியன் நரம்புக்கும், 37 கணுக்காலில் பின்புற டிபியல் நரம்புக்கும் இடப்பட்டவை. 34 பேருக்கு, அதாவது 89 சதவீதத்தினருக்கு, உணர்வு திரும்பியதாகவும், சராசரியாக 12.6 ஆண்டுக் கண்காணிப்பில் அது நிலைத்ததாகவும் கட்டுரை கூறுகிறது. டிபியல் நரம்பில் மதிப்பிடப்பட்ட 30 ஒட்டுகளில் 24-இல் புண் ஆறுவது மேம்பட்டது. 26-இல் பொருளின் மேற்பரப்பு வேறுபாட்டை உணர முடிந்தது.

இது ஒப்பீட்டுக் குழுவோடு நடத்தப்பட்ட சோதனை அன்று என்பது மெய்தான். புண் ஆறியதற்குச் செருப்பும் பராமரிப்பும்கூடக் காரணமாகலாம். ஆனால் சொரசொரப்பையும் வழவழப்பையும் பிரித்தறியும் ஆற்றலை எந்தச் செருப்பும் தராது. வெறும் நம்பிக்கையால் விளைந்த மேம்பாடு பன்னிரண்டு ஆண்டு நீடிப்பதும் அரிது.

வலுவான மறுப்பு வேறொன்று. ஒட்டுகளின் நீளம் 2.5 முதல் 14 செ.மீ. வரை. உயிரற்ற தசைக்குழலில் ஷ்வான் செல்கள் இரு முனைகளிலிருந்தும் வந்து குடியேற வேண்டியிருப்பதால், இடைவெளி நீள நீள வளர்ச்சி குன்றும் என்பது விலங்காய்வுகளில் கண்டது. ஆகவே, திரும்பியது ஒட்டின் வழியே வந்த உணர்வன்று, அயல் நரம்புகள் கிளைவிட்டதால் வந்தது என்று வாதிடலாம். மிக நீண்ட ஒட்டுகளைப் பொறுத்தவரை இவ்வையத்தை முற்றாக ஒதுக்க இயலாது. எனினும் உள்ளங்காலின் பெரும்பரப்பு டிபியல் நரம்பின் கிளைகளுக்கே உரியது. சஃபீனஸ், சூரல் நரம்புகள் அதன் ஓரங்களையே எட்டுகின்றன. கையிலோ, அயலிலுள்ள அல்நார் நரம்பே பெரும்பாலும் இந்நோய்க்கு முதலில் இரையாவது. கெட்ட நரம்பு அண்டை நிலத்துக்குக் கிளை அனுப்பும் என்பது நம்பத்தக்க விளக்கமாகத் தோன்றவில்லை.

ஒட்டிடாத மறுகாலிலும் நலம் கண்டதாக நோயாளிகள் கூறியதை ஐயத்துக்குச் சான்றாகக் கொள்வது அவசரம். ஒரு காலில் உணர்வு வந்தால் நடையே மாறும்; மறுகாலின் சுமையும் மாறும்.

உணர்வு ஒட்டின் வழியே திரும்பியது என்னும் விளக்கத்துக்கு வட தமிழகத்திலேயே ஒரு பழைய ஆதாரம் உண்டு. செங்கல்பட்டில் நடந்த பிணக்கூராய்வு ஒன்றில், நரம்புகள் முழுநீளமும் அன்றி, முழங்கைக்கு மேலும் மணிக்கட்டை ஒட்டியும் கணுக்காலின் பின்னும், தோலுக்கு அருகே ஓடும் இடங்களில் மட்டும் தடித்திருந்ததை வேலூர் மருத்துவர் பால் பிரான்ட் பதிவுசெய்துள்ளார். தொழுநோய்க் கிருமி உடலின் குளிர்ந்த பகுதிகளிலேயே செழிப்பது என்பதோடு இது பொருந்துகிறது. பிரான்ட்டைத் தசைநாண் மாற்றின் முன்னோடியாக மட்டும் காணும் வாசிப்பு, இக்கண்டறிதலின் விளைவைத் தவறவிட்டது: சேதம் ஓரிடத்தது என்றால், அதற்கப்பால் உள்ள நரம்புக் குழல்கள் முற்றிலும் அழிந்திருக்க வேண்டியதில்லை, இடையிலுள்ள கெட்ட பகுதியை வெட்டி ஒட்டிட இடமுண்டு. சாக்கோட்டைக் குழுவினர் தேர்ந்தோர் ஓரிடச் சேதம் உடையவர்களே என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

நரம்பு மீளக்கூடும் என்னும் இம்முடிவு உணர்வுக்கு மட்டுமே உரியது. மடங்கிய விரலை நிமிர்த்தத் தசைநாண் மாற்று இன்றும் வேண்டும். உணர்வைப் பொறுத்தும், உள்ளங்காலின் நடுப்பகுதியையும் ஓரங்களையும் தனித்தனியே சோதித்து, ஒட்டின் நீளத்தோடு ஒப்பிட்டு வெளியிட்டால், அயல் நரம்புக் கிளைப்பு பற்றிய வழக்கு தீர்ந்துவிடும்.